ரீடிங் அக்காவின் பவர் பேங்க்

வலது உள்ளங்கையில் ஒரு பவர் பேங்க், இடது உள்ளங்கையில் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் ஏற்றி இறக்கிப் பார்க்கிறார். கை மாற்றி மறுபடியும் பார்க்கிறார். "இது கனம்ண்ணே, சாயங்காலம் தோள் கெஞ்சும்" என்று ஒன்றைக் கண்ணாடி மேசைமேல் வைக்கிறார். வைத்த கை அடுத்த நொடியே அதைத் திரும்ப எடுக்கிறது. செல்போன் கடைக்காரர் என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்துகிறார். மூன்று வாரத்தில் இது நான்காவது தடவை.

எடை பார்ப்பவர் என் எதிர் வீட்டுக்காரர். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ரீடிங் எடுப்பது வேலை. ஒரு நாளைக்கு நூற்று எண்பது மீட்டர். தெருவுக்கே அவர் ரீடிங் அக்கா. பத்து வயது மூத்தவனான நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். பேசிக்கொண்டிருக்கும்போதே என் வாசல் கதவின் தாழ்ப்பாளைத் தள்ளித் திறப்பார், மூடுவார், திறப்பார். பாதிப் பேச்சில் செல்போனை எடுத்துத் திரையின் மேல் மூலையைப் பார்ப்பார். "ஊர்க் கரண்டையெல்லாம் அளக்கறேன், என் போனுக்குத்தான் கரண்டு இல்ல" என்பார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிடும். அந்தச் சிரிப்பிலும் பார்வை அந்த மூலையில்தான் இருக்கும்.

காரணம் இருக்கிறது. அவர் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய் நான்கு வருடம் ஆகிறது. முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர். இப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்து காத்திருக்கிறார்கள். இறந்துபோன யாரோ ஒருவரின் சிறுநீரகம் கிடைக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வரும். எடுக்காவிட்டால் வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

போன மழைக்காலத்தில் அப்படித்தான் நடந்தது. கணவர் டயாலிசிஸ் அறைக்குள். அவருடைய செல்போன் வெளியே பெட்டியில். அக்காவின் செல்போனோ மீட்டர் மீட்டராகப் படம் எடுத்து இரண்டு மணிக்கே அணைந்துபோயிருந்தது. வீட்டுக்கு வந்து சார்ஜரில் போட்டதும் தவறிய அழைப்புகள் மூன்று. திரும்பக் கூப்பிட்டபோது, "அடுத்தவங்களுக்குச் சொல்லிட்டோம்மா" என்றது ஒரு பெண் குரல். கணவர் பழியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "விடு, அந்தக் கிட்னிக்கு என்னைப் புடிக்கலை" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று அக்கா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அதனால்தான் இந்த எடை போடுதல். முதலில் பார்த்தது மெலிதான, பவுடர் டப்பா மாதிரி மின்னும் ஒன்று. "பாக்க லட்சணமாத்தான் இருக்கு. ஆனா மத்தியானத்துக்கு மேல கைவிட்டுரும்." அடுத்தது செங்கல் பருமன், இரண்டு நாள் தாங்கும். ஆனால் இடுப்புப் பையில் வைத்தால் அதன் கூரான மூலை நடக்கும்போதெல்லாம் விலாவைக் குத்துகிறது. கடைக்குள் பத்து நடை நடந்து பார்த்துவிட்டார். விலை மலிவான மூன்றாவதில் டார்ச் விளக்கெல்லாம் இருந்தது. "விளக்கு எதுக்குண்ணே, நான் என்ன குகைக்குள்ளயா போறேன்?" அதன் பெட்டியில் அச்சடித்திருந்த பெரிய எண்ணை விரலால் தட்டினார். "பெட்டில என்ன வேணா எழுதலாம். மீட்டர் சொல்லட்டும்."

மீட்டர் என்றால் மீட்டரேதான். கடைக்காரரிடம் கட்டைவிரல் அளவில் ஒரு அளவுமானி இருந்தது. ஒயருக்கு நடுவே அதைச் செருகி, ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் தன் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றி, ரீடிங் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டார். மலிவானது ஏழாவது நிமிடத்திலேயே சுட்டது. கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்குக் காய்ச்சல்" என்று ஒதுக்கினார். 

கடைசியில் வாங்கியது யாரும் கவனிக்காமல் அலமாரியின் ஓரத்தில் கிடந்த கறுப்பு ஒன்றை. மினுக்கம் கிடையாது, மூலைகள் உருண்டவை, விலை நடுத்தரம், ஒரு வேலைநாளுக்கு வஞ்சகமில்லாமல் வரும். கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னைக் கட்டிக்க இவ அஞ்சு நிமிஷம்கூட யோசிக்கலண்ணே. இந்தக் கட்டைக்கு மூணு வாரம்!"

அதை வாங்கிய ஐந்தாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு அழைப்பு வந்தது. அக்கா ஏதோ ஒரு மாடிப்படியில் நின்றிருந்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். அடுத்த அழைப்பு எனக்கு. "அண்ணே, காரை எடுங்க." 

ஆஸ்பத்திரியில் இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். ரத்தம் யாருக்கு ஒத்துப்போகிறதோ அவருக்குச் சிறுநீரகம். இன்னொருவர் இருபத்துநாலு வயதுப் பையன். கூட வந்திருந்தவள் அவனுடைய தங்கை. தையல் ஆலைச் சீருடையோடு அப்படியே ஓடி வந்திருந்தாள். ஐந்து மணி நேரம் ஒரே பெஞ்சில் காத்திருந்தோம். அக்கா நடைக்கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து தரையைத் தேய்த்தார்.

நாலு மணி வாக்கில் அந்தப் பெண் சுவரெல்லாம் பிளக் தேடினாள். "அப்பா பஸ்ல வந்துட்டிருக்காருக்கா. எங்க இறங்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. மூணு பர்சன்ட்தான் இருக்கு." அக்கா யோசிக்கவில்லை. இடுப்புப் பையிலிருந்து பவர் பேங்க்கை எடுத்து அவள் செல்போனில் செருகி, இரண்டையும் அவள் மடியில் வைத்துவிட்டு நடையைத் தொடர்ந்தார்.

ஐந்து மணிக்கு நர்ஸ் வெளியே வந்தார். முதலில் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "உங்க அண்ணனுக்கு ஒத்துப்போயிருக்கு. உள்ள கையெழுத்துப் போடணும், வாம்மா." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "உங்களுக்கு அடுத்த தடவை பாக்கலாம்மா" என்றார். குரல் தணிந்திருந்தது. 

அக்கா அசையாமல் நின்றார். அவ்வளவு நேரம் ஓயாத கால்கள் நின்றுவிட்டதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கணவர் சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டு, "சரி, வீட்டுக்குப் போலாம்" என்றார். வேடிக்கையாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். குனிந்து செருப்பை மாட்டினார்.

அந்தப் பெண் எழுந்தாள். அக்காவின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. "இந்தாங்கக்கா" என்று அவசர அவசரமாக ஒயரை உருவப் போனாள். 

அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். திரையை எட்டிப் பார்த்தார். முப்பத்தொன்று. 

"அப்பா வந்து சேரட்டும்" என்றார். பாதி கழன்றிருந்த ஒயரை அழுத்திச் செருகினார். செல்போனையும் பவர் பேங்க்கையும் ஒன்றாகச் சேர்த்து அந்தப் பெண்ணின் சீருடைப் பைக்குள் இறக்கி, மேல்மூடியை இழுத்து, பொத்தானை மாட்டிவிட்டார்.