அஸ்நாகெச்சுக்கு மட்டும் தனிக் கூஜா

அஸ்நாகெச் யாரையும் நம்பமாட்டாள். அடிஸ் அபாபாவில் ஒரு காபிக் கிடங்கில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து, கொட்டைகளில் சொத்தையைப் பொறுக்கி எறிந்தவள். வேலையை விட்ட பிறகும் அந்தக் கண் ஓயவில்லை. முட்டை வாங்கினால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். நான் சிரித்தால் எதற்குச் சிரித்தாய் என்பாள். ஒரே முற்றத்தைச் சுற்றி எங்கள் மூன்று வீடுகள்: அவளுடையது, ஜெமானேஷுடையது, என்னுடையது. பதினைந்து வருஷமாக அவளோடு சண்டை போட்டுக்கொண்டே குடியிருக்கிறேன். அவள் இல்லாவிட்டால் எனக்குப் பொழுதே போகாது.

போன மழைக்காலத்தில் அவள் நெஞ்சு தாறுமாறாக அடிக்க ஆரம்பித்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். மயக்க மருந்து கொடுத்து, நெஞ்சில் மின்சாரம் பாய்ச்சித் துடிப்பைச் சரிப்படுத்தினார்கள். ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை.

“இது திரும்ப வரலாம். வந்தா வீட்ல உக்காந்திருக்காதீங்க, நேரா இங்க வந்துடுங்க” என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். அஸ்நாகெச்சின் மகள் ரெடியெத் எங்களிடம் அம்மாவை ஒப்படைத்துவிட்டு ஹவாசாவுக்கு வேலைக்குத் திரும்பினாள்.

ஐந்தாம் வாரம் அது திரும்பி வந்தது. அஸ்நாகெச் யாரிடமும் சொல்லவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே மேல்துணிக்குள் கையை மறைத்து, இரண்டு விரலால் மணிக்கட்டை அழுத்துவாள். நான் பார்த்துவிட்டேன்.

“என்னக்கா, மறுபடியுமா?”

“கத்தாதடீ. அது காபியாலதான். ஜெமானேஷ் கஷாயமாட்டம் போடறா. காபிய நிறுத்தினா நின்னுடும்.”

“அப்ப நிறுத்தேன்.”

“நாளைக்கு.”

அந்த நாளை வரவேயில்லை. தனியாகக் காபி குடிக்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. மத்தியானம் ஜெமானேஷ் வீட்டில் மூன்று சுற்று குடித்தால்தான் காபி. அங்கே போகாமலிருந்தால் ஏன் என்று கேட்பார்கள், அது ஒன்று. காபியை நிறுத்தியும் நெஞ்சு அடங்காவிட்டால் என்ன செய்வது என்பது இன்னொன்று. அதற்குத்தான் அவள் பயந்தாள். மறுபடி அந்த மேஜையில் படுக்கமாட்டேன், மயக்கத்தில் போட்டவர்கள் எழுப்பாமல் விட்டால் யாரைக் கேட்பது என்றாள். என் வாயில் எதுவும் தங்காது என்று முற்றத்துக்கே தெரியும். தங்கக்கூடாத இந்த ஒன்றை மட்டும் பதினோரு நாள் அடக்கி வைத்திருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்தே காபியின் ருசி கெட்டுவிட்டது என்றும் அஸ்நாகெச் புலம்பிக்கொண்டிருந்தாள். முதலில் மாத்திரை நாக்கைக் கெடுத்துவிட்டது என்றாள். பிறகு கடைக்காரன் கலப்படம் செய்கிறான் என்று அவனிடம் போய்க் கத்திவிட்டு வந்தாள். எங்களுக்கோ காபி நன்றாகத்தான் இருந்தது. கொட்டையை எங்கள் முன்னால் வறுத்தாலும், இடித்துக் கொதிக்கவைப்பதை ஜெமானேஷ் உள்ளே அடுப்படியில்தான் செய்வாள்.

ஒருநாள் அஸ்நாகெச் என் காதைக் கடித்தாள். “பாத்தியா? ரெண்டு கூஜா கொண்டு வரா. உங்களுக்குப் பெருசுலேருந்து ஊத்தறா. எனக்கு மட்டும் சின்னது.”

“அதனால என்ன?”

“மருந்து வச்சிட்டாடீ. அவ பையனுக்குக் கல்யாணம், என் முன்னறை மேல கண்ணு. அதான் என் நெஞ்சு இந்த ஆட்டம் ஆடுது.”

சிரிக்கத்தான் நினைத்தேன். ஆனால் சின்னக் கூஜா நிஜமாகவே இருந்தது. அதன்பிறகு நானும் ஜெமானேஷின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தேகம் சொறி மாதிரி ஒட்டிக்கொள்கிறது.

ஞாயிற்றுக்கிழமை. தரையில் புல் பரப்பி, சோளப்பொரி வைத்து உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் சுற்று ஊற்றிவிட்டு, சாம்பிராணிக்குக் கங்கு எடுக்க ஜெமானேஷ் உள்ளே போனாள். அஸ்நாகெச் கண்ணிமைக்கும் நேரத்தில் தன் கோப்பையை என் பக்கம் தள்ளி, என்னுடையதை எடுத்து மடக்கென்று குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“இது காபி” என்றாள். “அதக் குடி.”

மருந்தாவது மண்ணாவது என்று நானும் ஒரு வாய் குடித்தேன்.

“அய்யே, வறுத்த பார்லி!”

கங்கோடு வந்த ஜெமானேஷ் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“எவ்வளவு நாளா?” என்றாள் அஸ்நாகெச்.

“திட்டாதக்கா. நீ ஆஸ்பத்திரியிலேருந்து வந்த நாள்லேருந்து. அம்மாவுக்குக் காபி வேணாம்னு ரெடியெத் கால்ல விழாத குறையாக் கேட்டா. சொன்னா நீ கேக்கமாட்டே. இவகிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி.”

“நடுவுல ஒரு நாள்கூடக் காபி தரல?”

“சத்தியமா ஒரு சொட்டு தரல.”

கூரை பறக்கக் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. அந்த முகத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

“அப்ப இது காபியால இல்ல” என்றாள் மெதுவாக.

“எது காபியால இல்ல?” ஜெமானேஷுக்குப் புரியவில்லை. அவளுக்கு எதுவும் தெரியாதே. நான்தான் சொன்னேன், நெஞ்சு மறுபடி தாறுமாறாக அடிக்க ஆரம்பித்துப் பதினோரு நாளாச்சு என்று. அவள் கங்குத் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடிவந்து அஸ்நாகெச்சின் மணிக்கட்டைப் பிடித்தாள். எண்ணப் பார்த்தாள், முடியவில்லை. துடிப்பு இரண்டு அடி ஓடி, ஒன்று நின்று, மறுபடி ஓடியது. அழ ஆரம்பித்துவிட்டாள்.

“ஒப்பாரி வைக்காத. செருப்பப் போடு. பார்லிதான் குடுத்தேன்னு நீயே டாக்டரம்மாகிட்ட சொல்லு. காபி தொடல்லன்னு நான் சொன்னா நம்பமாட்டாங்க.”

மூன்றாம் சுற்றுதான் ஆசீர்வாதம்; அதைக் குடிக்காமல் எங்களில் யாரும் எழுந்து போகமாட்டோம். அன்று மூவரும் எழுந்தோம். பெரிய கூஜாவை நகர்த்தி வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

டாக்ஸியில் அஸ்நாகெச் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பாதி வழி போனதும் என்னைக் கேட்காமல் ஜெமானேஷ் பக்கம் திரும்பினாள்.

“மின்சாரம் வைக்கும்போது பக்கத்துல இருப்பியா?”

“உள்ள விடமாட்டாங்கக்கா. வாசல்ல நிப்பேன்.”

“எழுந்திரிக்கற வரைக்கும்?”

“எழுந்திரிக்கற வரைக்கும்.”

“சத்தியமா?” என்று மறுபடி கேட்டாள். ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை ஜெமானேஷின் கையை விடவில்லை.