அக்கா தலையாட்டிய கட்டுரைகள்

ராணுவத்தின் கணினிப் பிரிவு நடத்திய மாத இதழில் பிழை திருத்தச் சேர்ந்த கண்ணாடியக்கா, அதுவரை கணினியைத் தொட்டதுகூட இல்லை. முதல் கட்டுரையின் ஓரத்திலேயே "எனக்குப் புரியவில்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். இதழாசிரியரான மேஜர் தாளும் கையுமாக வந்து நின்றார்.

"ஏம்மா, எழுத்துப்பிழை பார்க்கத்தானே உங்களை வெச்சிருக்கோம்?"

"பிழை ஒண்ணும் இல்ல சார். ஆனா எல்லையில தனியா உக்காந்து மெஷினைப் பழகுற பிள்ளைங்க, புரியலேன்னா யாரைப் போய்க் கேப்பாங்க?"

மேஜர் நாற்காலியை இழுத்துப்போட்டு, அவளுக்குப் புரியும்வரை வரிவரியாக மாற்றி எழுதினார். அதன்பின் பத்தொன்பது வருடம் அக்கா தலையாட்டாமல் எந்தக் கட்டுரையும் அச்சேறவில்லை.

இதழ் இணையத்துக்கு மாறியதும் கடைசி அச்சுப் பிரதி வீட்டுக்கு வந்தது. ஆசிரியர் என்ற இடத்தில் மேஜர் அவள் பெயரைப் போட்டிருந்தார். அக்கா பக்கத்தை விரித்துக் கணவர் மடியில் வைத்தாள்.