துண்டறிக்கையின் மூன்றாவது வரி

அந்தத் துண்டறிக்கையில் மொத்தம் ஐந்து வரிகள். ஐந்தையும் எழுதியவன் நான். மூன்றாவது வரி இது: "கருவி சொல்வது மட்டுமே முடிவாகாது, அதிகாரி ஒருவர் நேரில் விசாரித்த பிறகே நடவடிக்கை எடுக்கப்படும்." ஐந்தாவது வரி: "வேலையை விட்டு நின்றவர்களின் முகப்பதிவு அன்றே அழிக்கப்படும்."

இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு நாளிதழுக்குத் திருத்தணி நிருபராக இருந்தேன். உள்ளூர்ப் பக்கங்களைக் குறைத்தபோது என்னையும் குறைத்தார்கள். ஊருக்கு வெளியே, கார்களுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலையில் தமிழில் அறிவிப்பு எழுத ஆள் தேடினார்கள். சேர்ந்தேன். கேன்டீன் நேரம், பஸ் தட மாற்றம், பண்டிகை விடுமுறை என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு கார்த்திகை மாதத்தில் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். நுழைவாயிலில் முகம் பார்த்துத் திறக்கும் கதவு வரப்போவதாகச் சொன்னார். அதுவரை எல்லோரிடமும் அட்டை இருந்தது. பொதட்டூர்பேட்டை பஸ் தாமதமானால், முன்பே வந்த தோழி, வந்து சேராதவளின் அட்டையையும் தேய்த்து வருகை போட்டுவிடுவாள். எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அதை நிறுத்தத்தான் இந்த ஏற்பாடு.

"ஏஐ சார். ஆளப் பாத்தே கண்டுபிடிச்சிடும். ஆனா இவங்க மூஞ்சி குடுக்க பயப்படறாங்க. நீங்க எழுதினா நம்புவாங்க" என்றார்.

"கருவி தப்பா சொல்லிட்டா?"

"ஆள் வெச்சுப் பாப்போம் சார், கண்டிப்பா. அதையும் போட்டுடுங்க."

போட்டேன். விதிமுறையைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. ஒரு கவுன்சிலர் இதே வாக்கியத்தைச் சொல்லியிருந்தால், காகிதத்தைப் பார்க்காமல் ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன். இங்கே எனக்கு நாற்காலி இருந்தது, தலைக்கு மேல் மின்விசிறி இருந்தது, பதினொரு மணிக்கு டீ வந்தது. கேட்கத் தோன்றவில்லை.

முதல் நாள் யாரும் பதிவுக்கு வரவில்லை. மறுநாள் என் தெருப் பெண் ஒருத்தி என் மேசைக்கு வந்தாள். ஆறு ஆண்டுகளாகத் தரம் பார்க்கும் பிரிவில் இருப்பவள். ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை.

"அண்ணா, நம்ப மூஞ்சிய வெச்சிகினு இது இன்னா பண்ணும்?"

"கதவத் திறக்கும். அவ்வளவுதான். மூணாவது வரியப் படி."

படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"நீங்க எழுதனதா?"

"ஆமா."

"அப்ப சரி" என்று போய்க் கருவியின் முன் நின்றாள். மற்றவர்கள் அவளைப் பார்த்துதான் வரிசைக்கு வந்தார்கள். அவளுக்கு அடுத்து நின்றவள் திருவாலங்காட்டுப் பக்கத்துப் பெண். அந்த வாரம்தான் மலையில் மொட்டை போட்டிருந்தாள்.

"என் மண்டைய இப்பவே புடிக்கணுமா? முடி வளரட்டும், வரேன்னா உட மாட்றீங்களே!"

"பரவால்லக்கா, அதுவே கத்துக்கும்" என்றார் சென்னையிலிருந்து கருவியைப் பொருத்த வந்தவர். வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். நிருபராக இருந்திருந்தால் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்க வேண்டிய இடம் அது.

பங்குனியில் என் தெருப் பெண்ணின் மகள் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். பிழைத்தால் ஆடிக் கிருத்திகைக்கு முடி கொடுப்பதாகத் தாய் வேண்டிக்கொண்டாள். நுனியில் கொஞ்சம் வெட்டிப் பூமுடி கொடுத்தால் போதும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். கேட்கவில்லை. முழு மொட்டை. ஆடியில் எங்கள் ஊர்ப் பஸ்ஸில் ஏறினால் பத்து மொட்டைத் தலையாவது இருக்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

விடுப்பு முடிந்து திங்கட்கிழமை காலை, தலையில் சந்தனத்தோடு கதவின் முன் நின்றாள். திரையில் திருவாலங்காட்டுப் பெண்ணின் பெயர் வந்தது. அந்தப் பெண் பத்து நிமிடம் முன்புதான், வளர்ந்த முடியைக் கிளிப்பில் ஒதுக்கி, அதே கதவு வழியாக உள்ளே போயிருந்தாள்.

"யக்கா, தள்ளி நின்னு இன்னொரு தபா காட்டு" என்றார் காவலாளி.

காட்டினாள். அதே பெயர். மூன்றாவது முறை சிவப்பு விளக்கு.

"எனக்குத் தெரியுது நீ யாருன்னு. தெனம் பாக்கறேன். ஆனா கதவு என் கையில இல்லக்கா."

"பின்ன ஒன்ன எதுக்கு இங்க நிக்க வெச்சிகீறாங்க, அழகுக்கா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். யாராவது வந்து பார்ப்பார்கள் என்று கதவோரம் காத்திருந்தாள். பத்து மணிக்கு அவள் கைபேசிக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. என்னைக் கூப்பிட்டாள். கதவுக்கு வெளியே போய்ப் படித்துச் சொன்னேன். வேறொருவர் பெயரில் நுழைய மூன்று முறை முயன்றதால் பணிநீக்கம்.

நேரே மேலாளரிடம் போனேன்.

"சிஸ்டம் எடுத்த முடிவு சார்."

"மூணாவது வரி?"

"அது பேம்ப்லெட்தான சார். பாலிசி வேற."

விதிமுறையைக் கேட்டு வாங்கினேன். பதினொரு பக்கம், ஆங்கிலம். மூன்று எச்சரிக்கை வந்தால் பணிநீக்கம் தானாக நடக்கும் என்று நான்காம் பக்கத்தில் இருந்தது. விசாரணை என்ற சொல் எங்கும் இல்லை. நான் துண்டறிக்கை எழுதுவதற்கு இரண்டு வாரம் முன்பே அவர் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"உங்களுக்கு அப்பவே தெரியும்."

"நீங்க அதைப் போடலன்னா யாரு சார் மூஞ்சி குடுத்திருப்பா?"

பார்வையைத் தாழ்த்தாமல் சொன்னார். குரலில் கோபமோ கூச்சமோ இல்லை.

"வெளியதான் நிக்கிறா. அஞ்சு நிமிஷம் வந்து பாருங்க. கருவி எடுத்த படம் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாலே தெரியும்."

"பாத்தா, பாத்தோம்னு ரெகார்டு ஆகும் சார். அப்புறம் ஒவ்வொருத்தரையும் பாக்கணும்."

மறுநாள் ஒரு வழி சொன்னார். ஆள் மாறாட்டம் செய்ததாக இரண்டு பெண்களும் மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவள் வேலையில் தொடரலாம், வெளியே இருப்பவளைப் புதிய ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். கடிதத்தைத் தமிழில் நான் எழுதித் தர வேண்டும் என்றார். மாட்டேன் என்றேன். அவர் கணினியில் எதையோ தட்டினார். அரை நிமிடத்தில் கடிதம் தமிழில் வந்தது. பிழை தேடினேன். ஒன்றுகூட இல்லை.

திருவாலங்காட்டுப் பெண் கையெழுத்துப் போட்டாள். என் பக்கம் பார்க்காமல், "எனுக்கு ரெண்டு புள்ளைங்க கீதுங்க சார்" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை.

என் தெருப் பெண் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நான் அவ பேர்ல உள்ள பூரப் பாத்தேன்னு எழுதிகீதா?"

"ஆமா."

"இதுவும் நீங்க எழுதனதா?"

"இல்ல. மிஷின் எழுதினது."

"மொதல்ல எழுதனத நம்பி மூஞ்சி குடுத்தேன். இத நம்பி பேரையும் குடுக்கணுமா?"

கையெழுத்துப் போடவில்லை. வேலையைத் திரும்பத் தர வேண்டும் என்று தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தாள். அந்த வாரமே நான் வேலையை விட்டேன். அதைத் தியாகம் என்று சொல்ல முடியாது. அறிவிப்புகளைக் கருவியே எழுதும் என்பது எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. மேலாளர் சொல்லித்தான் அந்த வரியை எழுதினேன் என்று அவளுடைய மனுவோடு ஒரு வாக்குமூலம் வைத்தேன். நிறுவனம் பதில் அனுப்பியது: துண்டறிக்கை ஒரு முன்னாள் ஊழியரின் சொந்த முயற்சி, நிறுவனத்தின் முத்திரை அதில் இல்லை. எடுத்துப் பார்த்தேன். முத்திரை இல்லைதான்.

ஐப்பசியில் அவளுக்கு முடி ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட டிபன் கேரியரையும் செருப்பையும் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நானும் உடன் போனேன். காவலாளி இரண்டையும் ஒரு பையில் போட்டு வைத்திருந்தார். வாங்குவதற்காக அவள் கதவோரம் சென்றபோது திரை ஒளிர்ந்தது. அவள் பெயர், அவள் எண், நீண்ட பின்னலோடு அவளுடைய பழைய படம். கீழே இரண்டு வரி: "முகம் உறுதி செய்யப்பட்டது. அனுமதி இல்லை."

அன்றே அழிப்பதாக நான் எழுதிய முகம்.

"யக்கா, இப்ப ஒன்னக் கண்டுகிச்சி" என்றார் காவலாளி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பையை நீட்டினார்.

அவள் பையை வாங்கவில்லை. நகரவும் இல்லை. நகர்ந்தால் படம் மறைந்துவிடும்.

"அண்ணா, போட்டோ எடுங்க."

திரையும் அவள் முகமும் ஒன்றாகத் தெரியும்படி மூன்று படம் எடுத்தேன்.

"எடுத்துகினீங்களா?"

"ஆங்."

"ஆபீசுக்கு நானே எடுத்துகினு போறேன். கூட வெக்கற காயிதம் நீங்க எழுதாதீங்க. எம் பொண்ணு எழுதுவா. எனக்குப் படத்த மட்டும் அனுப்புங்க."

பையை வாங்கிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். அங்கேயே நின்று மூன்று படத்தையும் அனுப்பினேன். கூட ஒரு வரி எழுதத் தொடங்கி, அழித்துவிட்டேன்.