அன்றைக்கும் பெரட்டு அடித்த அழகையா

இலங்கையின் பூனாகலைத் தேயிலைத் தோட்டமொன்றில் தப்படிப்பது அழகையா அண்ணனின் வேலை. விடியுமுன் தோலைத் தீயில் காய்ச்சி அவர் அடித்தால்தான் லயத்து வரிசை வீடுகளில் ஆட்கள் எழுந்து, பெரட்டுக்கு வந்து வரிசையில் நிற்பார்கள். கங்காணி தலையை எண்ணி மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்புவார். சாவுக்கும் அதே தப்புதான், அடி மட்டும் வேறு. சாவு அடி கேட்டால் ஒருவரும் வேலைக்குப் போகமாட்டார்கள். அதனால் பெரட்டு முடியும்வரை சாவுக்கு அடிக்கக் கூடாது என்பது தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் உத்தரவு.

துரை பிள்ளைகளுக்கு ஆயாவாகச் சீமைக்குப் போன நான், சில வருஷங்கள் கழித்து, பண்டாரவளையில் ரயிலிறங்கி ஊர் வந்த மழைக்காலத்தில், அழகையா அண்ணனின் மனைவி இராக்கம்மா காய்ச்சலில் கிடந்தாள். கஞ்சி கொடுத்துக்கொண்டே கதை சொல்வேன். வெள்ளைக்காரப் பட்டாளம் வரிசைகட்டும் 'பரேட்'தான் நம் வாயில் பெரட்டு ஆனது என்றேன்.

"எங்கேருந்து வந்தா என்ன தாயி, நிக்கிறது நாமதான?" என்றார் அழகையா.

கப்பல் எகிப்தில் நின்றபோது கேட்டதையும் சொன்னேன். பழங்காலத்தில் அங்கே சூரியனுக்கு ரா என்று பெயர். கோயிலில் தினமும் விடியலில் பாடி அவனை எழுப்புவார்களாம்.

இராக்கம்மா சிரித்தாள். "அங்கயும் ஊரைத் தூங்கவிடாம ஒருத்தன் இருந்திருக்கான்." பிறகு கணவரைப் பார்த்தாள். "நான் போனா நல்லா அடிங்க. லயமே பின்னால வரணும்."

"வாயைக் கழுவுடி" என்றார்.

மூன்றாம் நாள் விடியுமுன் அவள் இறந்தாள். கங்காணி ரெங்கசாமி கம்பளியைப் போர்த்தியபடி வாசலில் நின்றார்.

"பெரட்டு அடிடா. அழுகைச் சத்தம் வெளிய வரக்கூடாது."

"என் பொண்டாட்டிங்க."

"தெரியும். பத்துச்சீட்டு எழுதி வெளிய அனுப்பிட்டா வேலையும் போச்சு, குடியிருக்கிற காம்பராவும் போச்சு. இவளை எந்த மண்ணுல பொதைப்ப?"

அவளைக் குளிப்பாட்டத் தண்ணீர் காய்ந்த அடுப்பிலேயே தப்பைக் காய்ச்சினார். வெளியே போய் அடித்தார். ஒரு அடிகூடப் பிசகவில்லை.

மூடிய கதவுக்கு அப்பால் பனிமூட்டத்தில் பெண்கள் நடந்துபோனார்கள்.

"பெரட்டு அடிக்கிறாரு பாரு. ராக்கம்மாவுக்குத் தேவலை போல" என்றது பக்கத்துக் காம்பரா பாக்கியலெட்சுமியின் குரல்.

"சாயங்காலம் வந்து பாப்பம்."

ஆட்கள் மலையேறிய பிறகு அழகையா சாவு அடி அடித்தார். கேட்க லயத்தில் கைக்குழந்தைகளும் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் கிழவியும்தான் இருந்தார்கள். மழை வலுக்குமுன் எடுக்க வேண்டியிருந்தது. பாடை தூக்கக் கங்காணி இரண்டு ஆட்களை மட்டும் விட்டார்.

மாலையில் பாக்கியலெட்சுமி கூடையோடு வந்து நின்றாள். "எங்கண்ணே அவ? எந்திரிச்சு நடக்குறாளா?"

"காலையிலயே போயிட்டா."

"பின்ன ஏன்யா பெரட்டு அடிச்ச?"

கூடையைப் போட்டுவிட்டு அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் அவர் பெரட்டு அடித்தபோது லயத்தில் ஒருவரும் உடனே கிளம்பவில்லை. எந்தக் காம்பராவிலாவது அழுகை கேட்கிறதா என்று வாசலில் நின்று கேட்டார்கள்.