கடைசி எபிசோடுக்கு வைத்திருந்த ‘நீ’

அனிமேஷன் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது என் வேலை. கொல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு தமிழ் எழுதிச் சம்பாதிக்கிறேன் என்றால் இங்கே யாரும் நம்புவதில்லை. கணவருக்கு மத்திய அரசு உத்தியோகம். மாற்றலில் நாங்கள் காளிகாட்டுக்கு வந்தபோது மகள் இரண்டாம் வகுப்பு; இப்போது பதினொன்றாம் வகுப்பு. திருச்சியில் நான் பேசிய தமிழ் இங்கே வீட்டுக்குள் மட்டும்தான். அதிலும் மகள் பாதிக்கு மேல் வங்காளத்தில்தான் பதில் சொல்வாள். அதனாலோ என்னவோ, பகல் முழுக்க ஏதோ ஒரு கற்பனை உலகத்து ஆட்களைத் தமிழில் சண்டை போடவைப்பது எனக்குப் பிடித்திருந்தது.

நான் சொல்ல வருவது ஒரு தொடரின் கடைசி எபிசோடைப் பற்றி. வெளிநாட்டுத் தயாரிப்பு. உப்பளங்கள் நிறைந்த ஒரு தீவு. வெள்ளத்தில் கிராமமே அழிந்துபோக, தப்பிப் பிழைத்த ஒரே சிறுமியைப் படைத்தலைவி ஒருத்தி தூக்கி வந்து வளர்க்கிறாள். ஈட்டி எறியப் பழக்குகிறாள். அந்த வெள்ளம் தானாக வந்ததில்லை, மதகைத் திறந்துவிட்டவளே அந்தத் தலைவிதான் என்பது கதையின் முடிவில் தெரியவரும். முடிவு எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். கதைச்சுருக்கம் முதலிலேயே கொடுத்துவிடுவார்கள்.

எங்களுக்கு வருவது ஆங்கில வசனம். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே ‘யூ’. ராஜாவுக்கும் யூ, ஆட்டுக்குட்டிக்கும் யூ. யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதைத் தமிழில் எழுதுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் எபிசோடு எழுதும்போதே நான் ஒன்று தீர்மானித்தேன். அந்தப் பெண் தலைவியை எப்போதும் ‘நீங்க’ என்றுதான் சொல்வாள். கோபத்தில், அழுகையில், காய்ச்சலில் பிதற்றும்போதுகூட ‘நீங்க’. கடைசி எபிசோடில், மதகின் மேல் இருவரும் எதிரெதிரே நிற்கையில், முதல் தடவையாக ‘நீ’ என்பாள். “நீதான் தொறந்தே.” அவ்வளவுதான் வசனம். மூலத்தில் இருக்கிற வாளும் வெளிச்சமும் இடியும் செய்யாததை அந்த ஒரு எழுத்து செய்துவிடும் என்று நம்பினேன்.

சென்னையில் டப்பிங்கை மேற்பார்வை பார்க்கும் சாரிடம் போனில் சொன்னேன். “சூப்பர் மேடம், அப்படியே வெச்சுக்கலாம்” என்றார். அந்தப் பெண்ணுக்குக் குரல் கொடுக்கிறவளிடமும் சொன்னேன். என்னைவிட வயதில் சின்னவள். நேரில் பார்த்ததே இல்லை, போனில் அக்கா என்று கூப்பிடுவாள். “அய்யோ அக்கா, அந்த எபிசோட் எப்ப வரும்னு இருக்கு” என்றாள்.

தொடர் பாதி தாண்டியபோது அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் நான் திருச்சி போக வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் சில எபிசோடுகளை வேறு யாரோ எழுதினார்கள். திரும்பி வந்ததும் கேட்டேன். “எல்லாம் உங்க ஸ்டைல்லயேதான் மேடம், கவலைப்படாதீங்க” என்றார் சார். அந்த எபிசோடுகளை அனுப்புங்கள் என்று இரண்டு முறை கேட்டேன். அனுப்புகிறேன் என்றார். அடுத்த எபிசோடுக்கான கெடு வந்துவிட்டது. அப்படியே போயிற்று.

கடைசி எபிசோடுகளை வீட்டுக்கு அனுப்ப மாட்டோம், வெளியே கசிந்துவிடும் என்று சொல்லிவிட்டார்கள். கொல்கத்தாவில் டாலிகஞ்ச் பக்கம் ஒரு சின்ன ஸ்டூடியோவில்தான் வங்காள டப்பிங் நடந்தது. அங்கே போய்ப் பார்த்து, அங்கேயே உட்கார்ந்து எழுதித் தர வேண்டும். தினமும் காளிகாட்டில் மெட்ரோ பிடித்துப் போனேன். துர்கா பூஜைக்கு முந்திய வாரங்கள். நடைபாதை முழுக்கப் பந்தலுக்கான மூங்கில். குனிந்தும் ஒதுங்கியும் நடந்து போய்ச் சேர்வதற்குள்ளேயே எரிச்சல் ஏறிவிடும்.

ஸ்டூடியோவில் எனக்குக் கொடுத்த அறையில் இன்னொரு மேஜை இருந்தது. வங்காள வசனம் எழுதும் பெண்மணி அங்கே இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் இருக்கும். தீதி என்று கூப்பிட ஆரம்பித்தேன். வங்காளத்தில்தான் பேசிக்கொண்டோம், என் வங்காளம் தடுமாறினால் இந்திக்குப் போய்விடுவேன்.

முதல் நாளே நான் புலம்ப ஆரம்பித்துவிட்டேன். அந்தக் கடைசிச் சண்டையை எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும் அந்த வேதனை. அந்தப் பெண்ணின் கையை விட்டு ஈட்டி கிளம்பும். தலைவியின் கழுத்துக்குப் பக்கத்தில் வந்ததும் காற்றில் நின்றுவிடும். அவள் சின்ன வயதுக்குப் போவாள். திரும்பி வந்தால் ஈட்டி ஒரு விரல்கடை நகர்ந்திருக்கும். இப்போது தலைவி தான் ஏன் அப்படிச் செய்தேன் என்று விளக்கம் சொல்வாள், ஏற்கெனவே குத்துப்பட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நடுவில், நாலு எபிசோடுக்கு முன்னால் ஆற்றில் விழுந்து செத்துப்போன தோழன் மதகுப் பாலத்தில் வந்து நிற்பான். பின்னணியில் தொடரின் பாட்டு மெதுவாக ஓடும். சண்டைக்கு நடுவே இத்தனை பேருக்கும் பேச அவகாசம் இருக்கிறது. அத்தனையும் நான் எழுத வேண்டும், வாயசைவுக்குப் பொருந்துகிற மாதிரி.

“ஈட்டிய எறிஞ்சா அது போய்ச் சேர வேண்டாமா தீதி?” என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. “நிறுத்தறது தப்பில்ல” என்றார். “ரெண்டு வருஷமா பாத்துட்டு வர்றவங்க இந்தப் பொண்ணுக்குத் தலைவி யாருன்னு மறந்திருப்பாங்க. இவளை யார் வளர்த்தாங்கன்னு ஞாபகப்படுத்திட்டுத்தான் ஈட்டி இறங்கணும். இல்லேன்னா அது வெறும் கொலை.”

அது சரிதான். சரிதான் என்பது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஈட்டி நிற்கும் அந்த இடத்தில் வருகிற பிளாஷ்பேக்குக்குப் புதிதாக வசனம் எழுத வேண்டியதில்லை. பழைய எபிசோடிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள். சிறுமி, இரவு, கூடாரம், விளக்கு. சிறுமி தலைவியிடம் கேட்கிறாள். அந்தத் துண்டின் தமிழ் ஒலி ஏற்கெனவே சேர்க்கப்பட்டு வந்திருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

“நீ எதுக்கு என்னைக் காப்பாத்துனே?”

நான் திருச்சியில் இருந்தபோது எழுதப்பட்ட எபிசோடு அது. திரும்பப் போட்டுக் கேட்டேன். ‘நீ’தான். அந்தக் காட்சி முடிந்து, ஈட்டி மறுபடி நகர்ந்து, அவள் மதகின் மேல் நின்று வாயைத் திறந்து சொல்ல வேண்டியது “நீதான் தொறந்தே.” ஒரு நிமிஷம்கூட இடைவெளி இல்லை. நான் இத்தனை நாள் பூட்டி வைத்திருந்ததை, அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், அதே குரலில், யாரோ எடுத்துச் செலவழித்திருந்தார்கள். அந்த எபிசோடோடு போயிருந்தால் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கும். பிளாஷ்பேக் அதைத் தோண்டி எடுத்து நடுக்கூடத்தில் வைத்துவிட்டது.

உடனே சென்னைக்கு போன் செய்தேன்.

“சார், பிளாஷ்பேக்ல ‘நீ’ன்னு இருக்கு.”

“எந்த ‘நீ’ மேடம்?”

சொன்னேன். நான் முதலில் சொன்னதெல்லாம் அவருக்கு மறந்துபோயிருந்தது என்று புரிந்தது.

“ஒரே ஒரு வரி மேடம். யார் கவனிக்கப் போறா?”

“நான் கவனிச்சேன்ல சார்.”

“நீங்க எழுதறவங்க. கவனிப்பீங்க.”

“திரும்ப ஒரு தடவை பேச வெச்சா போதும் சார். ஒரு வரிதானே?”

“ஒரு வரின்னாலும் ஆர்ட்டிஸ்ட கூப்பிடணும், டப்பிங் தியேட்டர் கிடைக்கணும். அதோட அது அப்ரூவ் ஆன ஆடியோ மேடம். தொட்டா மறுபடி வெளிநாட்டுக்கே அனுப்பி அப்ரூவல் வாங்கணும்.”

“அப்ப அந்த இடத்துல பேச்ச எடுத்துட்டு மியூசிக் மட்டும் விட்டுடுங்க. பிளாஷ்பேக்தானே, நல்லாவே இருக்கும்.”

“வாய் அசைஞ்சா சத்தம் வரணும் மேடம். ரூல்.”

போனை வைத்துவிட்டு மேஜையில் பேனாவை விட்டெறிந்தேன். தீதி திரும்பிப் பார்த்தார். என்னவென்று சொன்னேன். எனக்கு வங்காளத்தில் அதை விளக்க அதிக நேரம் ஆகவில்லை. மரியாதைக்கு ஆப்னி, பழகியவர்களுக்கு துமி, உரிமைக்கோ வசைக்கோ துய் என்று மூன்று படிகள் உள்ள பாஷை அது. பஸ்ஸில் நடக்கிற சண்டையில் ஆப்னி துய் ஆகிவிட்டால் கண்டக்டர் நடுவில் வந்துவிடுவார்.

தீதி தன் காகிதத்தை என் பக்கம் திருப்பினார். அவரும் அதையேதான் செய்திருந்தார். தொடர் முழுக்க ஆப்னி. மதகின் மேல், நடுவில் உள்ள படியைத் தாண்டி, நேராக துய். அவருடைய பிளாஷ்பேக்கில் சிறுமி ஆப்னி என்றுதான் கேட்கிறாள். எல்லா எபிசோடையும் அவர் ஒருவரே எழுதியிருந்தார்.

“உன்னோடது போச்சேன்னு எனக்கே ஆத்திரமா வருது” என்றார். அவர் மனதாரச் சொன்னார். ஆனால் அந்த நேரம் அவரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் குரல் கொடுக்கிறவளுக்கு போன் செய்தேன். நான் முடிப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

“அக்கா, அன்னைக்கே கேட்டேன்க்கா. என்ன இது, தலைவியப் போயி ‘நீ’ங்கறா, அக்கா இப்படி எழுத மாட்டாங்களேன்னேன். பேப்பர்ல இருக்கறத பேசும்மான்னுட்டாங்க. எனக்கு ரெண்டு நாள் மனசே சரியில்ல.”

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா.”

“நீங்க ஆஸ்பத்திரில இருந்தீங்க. எப்படிக்கா கூப்பிடறது?”

கோபப்பட ஒரு ஆள் கிடைத்தால் தேவலை என்று இருந்தது, கிடைக்கவில்லை. அடுத்த முறை வேறு வேலைக்காக அந்த தியேட்டருக்குப் போகும்போது, இடைவேளையில் இந்த வரியைப் பேசிக் கொடுத்துவிடுவதாக அவள் சொன்னாள். “இன்ஜினியர் நம்ம ஆளுதான்க்கா. கேட்டா செய்வாரு.”

“நீங்க எதுக்கு என்னைக் காப்பாத்தினீங்க” என்பது அந்த வாயசைவுக்கு நீளம். அதை வெட்டி “ஏன் காப்பாத்தினீங்க?” என்று சுருக்கி அனுப்பினேன். சாருக்கும் விவரமாக ஒரு மெயில் போட்டேன். பதில் வரவில்லை. மதகுக் காட்சிக்கு நான் வேறு வசனம் யோசித்துப் பார்த்தேன். எதை எழுதினாலும் கை மறுபடி அந்த இரண்டு வார்த்தைக்கே போயிற்று. கடைசியில் அதையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பூஜை லீவு தொடங்குகிற அன்று எல்லா மொழிகளிலும் கடைசி எபிசோடு வெளியானது. குரல் கொடுக்கிறவளுக்கு அதற்குள் தியேட்டர் பக்கம் போக வாய்ப்பு வரவில்லை. ஹாலில் நானும் கணவரும் உட்கார்ந்து தமிழில் பார்த்தோம். பிளாஷ்பேக் வந்தது. ‘நீ’ வந்தது. பிறகு மதகு. “நீதான் தொறந்தே.” எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

“நல்லாத்தானே இருக்கு” என்றார் கணவர்.

“எது நல்லாருக்கு?”

“எல்லாந்தான். சண்டை பிரமாதம்.”

எழுந்து போய் மகளின் அறைக் கதவைத் தட்டினேன். “வெளிய வந்து பாரேன்டி, ரிலீஸ் ஆயிடுச்சு.”

“நான் காலைலயே பாத்துட்டேன்மா. ஃபிரெண்ட்ஸோட ஆன்லைன் வாட்ச் பார்ட்டி. பாங்லால.”

“பாங்லாலயா? அம்மா எழுதினது தமிழ்ல இருக்கு.”

“அவங்களுக்குத் தமிழ் தெரியாதேம்மா.” பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், “அந்த துய் வர்ற இடம் தாருண்மா, செம்ம. எல்லாரும் கத்திட்டோம்” என்றாள்.

நான் இத்தனை நாள் மனதில் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கத்தல் என் வீட்டுக் கதவுக்குப் பின்னாலேயே நடந்து முடிந்திருந்தது. சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகத் தேய்த்தேன். இரண்டு நாள் மகளோடு சரியாகப் பேசவில்லை. அவள் மேல் என்ன தப்பு என்று கணவர் கேட்டார். தப்பில்லைதான்.

பூஜையெல்லாம் முடிந்து பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்த வாரத்தில் குரல் கொடுக்கிறவளிடமிருந்து செய்தி வந்தது: பேசிவிட்டாளாம். இன்ஜினியர் அதைச் சேர்த்து சாரிடம் கொடுத்திருக்கிறார். அவரும் எப்படியோ அனுமதி வாங்கியிருக்கிறார். சில நாள் கழித்து அவரே கூப்பிட்டார்.

“மாத்தியாச்சு மேடம். சந்தோஷமா?”

“இதையே ரிலீசுக்கு முன்னாடி செஞ்சிருக்கலாமே சார்.”

“அதான் செஞ்சாச்சே மேடம்” என்றார், கொஞ்சம் வருத்தத்தோடு. அவருக்கு அது ஒரு உபகாரம். எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை; ஆனாலும் சொன்னேன்.

ஞாயிறு மத்தியானம் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். “தமிழ்ல இந்த ஒரு சீன் மட்டும் பாரு.” முனகிக்கொண்டே வந்தாள். ஈட்டி காற்றில் நின்றதுமே அவள் கை ரிமோட்டுக்குப் போனது.

“என்ன பண்றே?”

“பிளாஷ்பேக்மா. தள்ளிடலாம். நாங்க எப்பவும் தள்ளிடுவோம்.”

“அன்னைக்கும் தள்ளினீங்களா?”

“ம். ஏற்கெனவே பாத்ததுதானே?”

எனக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. ரிமோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். கூடாரம், விளக்கு, சிறுமி. “ஏன் காப்பாத்தினீங்க?” என்றாள், பயந்துபோய், குழந்தை போல. குரல் கொடுத்தவள் நன்றாகச் செய்திருந்தாள். பிறகு மதகு, காற்று, அந்த இரண்டு வார்த்தை.

சாய்ந்திருந்த மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, “முன்னாடி பயந்தவ இப்ப பயப்படலல்ல” என்றாள். “தமிழ்லயும் வருதும்மா.”

“வருது.”

“ஆனா இத இப்ப யாரும்மா பாப்பாங்க? எல்லாரும் முடிச்சுட்டாங்களே.”

அவள் எழுந்து போய்விட்டாள். அடுத்த தொடருக்கு எழுதித் தரச் சொல்லிச் சென்னையிலிருந்து கேட்டபோது, எல்லா எபிசோடும் நான்தான் எழுதுவேன், முடியாத நாட்களில் வேறு யார் எழுதினாலும் எனக்குக் காட்டாமல் டப்பிங் பேசக்கூடாது என்று சொன்னேன். “பாக்கலாம் மேடம்” என்றார் சார். அந்தப் ‘பாக்கலாம்’ எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முதல் எபிசோடை எழுத ஆரம்பித்துவிட்டேன்.