அப்பா சொன்ன 6.023

எடிசன் ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு நிற்கும்போதுதான் அவரைப் பார்ப்பேன். என்னைப் போலவே மன்ஹாட்டனில் கம்ப்யூட்டர் வேலை. இஸ்திரி குலையாத பேன்ட்டுக்குக் கீழே வெள்ளை ஸ்னீக்கர் போட்டிருப்பார். மற்றவர்கள் செய்தித்தாளில் குறுக்கெழுத்து போடுவார்கள்; அவர் அதன் ஓரத்தில் வேதியியல் சமன்பாடுகளைச் சமன் செய்துகொண்டு வருவார். ஊரில் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவர். ஹைஸ்கூல் போகும் மகளுக்கு மாலையில் சொல்லிக்கொடுக்க இது ஒத்திகை. “வேற நான் எது சொன்னாலும் காதுல வாங்க மாட்டா” என்பார்.

ஒருநாள் ரயிலில் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

“என்ன சார், இன்னிக்கு ஈக்குவேஷன் இல்லையா?” என்றேன்.

“பொண்ணுக்கு டெஸ்ட்ல ஒரு மார்க் போச்சு சார். பார்ட்டிக்கிள்ஸை மோலா கன்வர்ட் பண்ற கணக்கு. அவகாட்ரோ நம்பரை 6.023ன்னு போட்டிருக்கா.”

“கரெக்ட்தானே? ‘6.023 இன்டு 10 பவர் 23’னுதானே நாம மனப்பாடம் பண்ணினோம்.”

“இங்க புக்ல 6.022. அதுதான் சரியாம். புக்கைப் பார்த்தும் ஏன்டி மாத்திப் போட்டேன்னு கேட்டேன். ‘யூ செட் ஸோ, அப்பா’ங்கறா. நான் சொன்னேனாம்.”

பையிலிருந்து அந்தப் பரீட்சைத் தாளை எடுத்துக் காட்டினார். 6.023-ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருந்தது.

“டீச்சர்கிட்ட பேசப்போறீங்களா?”

“இல்ல சார். இனிமே நான்தான் பார்த்துப் பேசணும்” என்று அதைக் கசங்காமல் உள்ளே வைத்தார்.

டீச்சரைப் பார்க்கப் போவதில்லை என்றால் அந்தத் தாள் ஆபீஸுக்கு எதற்கு என்று கேட்க நினைத்தேன். வழியில் நியூவர்க் ஸ்டேஷன் தாண்டியதும் அவர் அதை மறுபடி வெளியே எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை.