முனிரத்தினம் பழக்கிய கல்

ஏழு மலைமேல் நின்றபடியே நம் அடுப்படி வரைக்கும் அருள் சுரக்கும் வேங்கடவன் திருவடிகளை வணங்கி, நம் பஜனைக் கூட்டத்தின் ஜால்ராக்காரர் முனிரத்தினத்தைப் பற்றி, அவரை அறிந்த அன்பர்களுக்கு இதை எழுதுகிறேன்.

திருப்பதியில் தரிசனம் முடித்துப் புத்தூர்ப் பேருந்தில் ஏறியிருந்தபோது, அவர் மகள் கஸ்தூரி தொலைபேசியில் அழைத்தாள்.

"பெரிப்பா, நைனா போய்ட்டாரு."

"அம்மா பக்கத்துல இருந்தாளா?"

"அம்மா மடியிலதான் பெரிப்பா. காலைல ரெண்டு தோசை துன்னாரு. படுத்தாரு, அவ்ளோதான்."

துயரத்துக்கு முன்பாக எனக்கு ஆறுதல்தான் வந்தது. அதன் காரணத்தைச் சொல்லத்தான் இந்த எழுத்து.

பல ஆண்டுகளுக்கு முன், நம் பக்கத்துப் பெண்கள் பலர் வீட்டு வேலைக்காகக் குவைத்துக்கு விமானம் ஏறிய காலம் அது. முனிரத்தினத்தின் மனைவி செஞ்சம்மாவும் போனாள். புறப்படும்போது அடுக்களையைக் கணவரிடம் ஒப்படைத்தாள். அதில் முதன்மையானது ஓர் இரும்புத் தோசைக்கல். எண்ணெயும் நெருப்புமாகப் பல ஆண்டுகள் அவள் பழக்கியதில், தேய்த்த கருங்கல் போல் மின்னும்.

அவள் போன பிறகு ஒருநாள், காய் நறுக்கக் கத்தி வாங்கவேண்டுமென்று என்னையும் அழைத்துக்கொண்டு புத்தூர்க் கடைக்குப் போனார். வண்ணவண்ணப் பிளாஸ்டிக் பிடிக் கத்திகள் புதிதாக வந்து குவிந்திருந்தன. அவர் ஒவ்வொன்றையும் எடுத்து, இரும்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்த்தார். பாதியில் நின்றதையெல்லாம் கீழே வைத்தார்.

கடைக்காரர் பொறுமையிழந்தார். "இன்னாயா, கத்தி வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

"பொண்ணு பாத்து கட்டி அனுப்பிட்டேன். அது திரும்பி வர்ற வரிக்கும் இது தாங்கணுமில்ல?"

கடைசிவரை இரும்பு ஓடி, மூன்று ஆணிகள் அறைந்த மரப்பிடிக் கத்தி ஒன்றை எடுத்தார். அதைக் கழுவியதும் துடைக்காமல் அவர் வைத்து நான் பார்த்ததில்லை. "ஈரத்தோட தூங்க வெச்சா அதுக்கும் சளி புடிக்கும் சாமி" என்பார்.

இப்படிப்பட்டவரே ஒரு புரட்டாசியில் தவறினார். விருந்தாளியாக வந்த உறவினர் ஒருவர் அந்தத் தோசைக்கல்லில் கருவாடு வறுத்துவிட்டார். பெருமாளுக்குப் படைக்கும் சனிக்கிழமைத் தளிகைக்கு முன் சுத்தி செய்யவேண்டுமென்று, முனிரத்தினம் செங்கல் பொடியும் புளியும் போட்டு, அடியிலிருந்த இரும்பு வெள்ளி போலத் தெரியுமளவுக்குத் தேய்த்தார். பெருமையாக என்னிடம் கொண்டுவந்தும் காட்டினார். மறுநாள் ஊற்றிய தோசை ஒன்றுகூடப் பெயரவில்லை. பக்தியின் வேகத்தில் மனைவியின் உழைப்பைச் சுரண்டி எடுத்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அதே வாரம் செஞ்சம்மாவின் அழைப்பு எஸ்.டி.டி. பூத்துக்கு வந்தது. தீபாவளிக்கு விடுப்பில் வருகிறாளாம். "கல்லு எப்டி கீது?" என்று கேட்டாளாம். "உன்ன நெனச்சிக்கினு கீது" என்று சொல்லிவிட்டு வந்து, என் எதிரில் தலைகுனிந்து உட்கார்ந்தார்.

"வந்தவ கெளம்பாம இங்கயே இருக்கணும்னு வேண்டிக்கினு இருந்தேன் சாமி. வந்ததும் அவ அடுப்படி அவளுதா இல்லன்னா, எத புடிச்சிக்கினு இருப்பா?"

அதன்பின் நாள்தோறும் கல்லை வடிகஞ்சியால் கழுவி, அடுப்பில் காயவைத்து, எண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் தேய்த்தார். ஒட்டிய தோசைகளையெல்லாம் அவரே தின்றார். பஜனையில் அவர் ஜால்ரா அடிக்கும்போது கையிலிருந்து வெங்காய வாசம் வரும். எம்பெருமான் பொறுத்துக்கொண்டான், மிருதங்கக்காரர்தான் தள்ளி உட்கார்ந்தார்.

தீபாவளிக்கு முந்தின நாள் செஞ்சம்மா வந்தாள். பெட்டியில் அயல்நாட்டு ஒட்டாத சட்டி ஒன்று பளபளத்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போனாள். நானும் கஸ்தூரியும் வாசற்படியில் நின்றிருந்தோம். முனிரத்தினம் உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் தவித்தார். செஞ்சம்மா மாவை ஊற்றினாள். சற்றுப் பொறுத்து விளிம்பில் திருப்பியைக் கொடுத்தாள். தோசை முழுதாக எழுந்து வந்தது.

அவள் கல்லை உற்றுப் பார்த்தாள். "இது நான் பழக்குன கல்லு இல்ல. இன்னா போட்டு தேச்சே?"

"செங்கல் பொடி" என்றார் முனிரத்தினம், தரையைப் பார்த்தபடி.

"கோயிலு படி கழுவறவனாண்ட என் கல்ல குடுத்துட்டு போனேனே" என்று சிரித்தாள். சிரிப்பு அடங்கியபின் குரல் மாறியது. "அங்க எத்தினி சட்டி கழுவுனேன். ஒண்ணாவது எனக்குன்னு காத்துக்கினு இருந்துச்சா? நான் இனிமே போகலய்யா."

போகவில்லை. அந்த அயல்நாட்டுச் சட்டி மேல்பூச்சு உரிந்து என்றோ கழிந்தது. கல் இருக்கிறது, அவருடைய கடைசித் தோசைகளும் அதில்தான் வெந்தன. மனைவி கடல் கடந்திருக்கும்போது இவர் உயிர் போய்விடக் கூடாதே என்று நான் பல வைகறைகளில் சேவித்து வேண்டியது இப்படி நிறைவேறியது.

பாசுரம் பாடுவோர் மெய்யடியார் இலக்கணத்தைப் பல வகையாகச் சொல்வார்கள். நான் முனிரத்தினத்திடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்று: தேய்ந்துபோனதைப் பிறர் வருமுன் மறுபடி பழக்கிவைக்கும் பொறுமை. என் வீட்டுக் கத்தியைத் துடைத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் அது என் கைக்கு வருகிறது.

இதைப் படிக்கும் உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும். வெளியூர் போன உங்கள் மக்கள் நலமாகத் திரும்பட்டும். வந்த அன்று அவர்கள் ஊற்றும் முதல் தோசை, வேங்கடவன் அருளால், கிழியாமல் எழட்டும்.